காப்பு நாண்

நாட்டைத் தாய் என்றும் நாட்டு மக்களை உடன்பிறந்தார் என்றும் கூறும் வழக்கு உலகிற் பல மொழிகளிலும் உண்டு. 'சகோதரர்' என்னும் வடசொல்லும் 'உடன்பிறந்தார்' என்னும் தமிழ்ச்சொல்லும் ஒரு தாய் வயிற்றிற் பிறந்தோரையே முதலிற் குறித்தன. நாடு தாயெனப் போற்றப் பெற்றபோது அச்சொற்களின் எல்லையும் விரிந்தது; முகம் அறியாதாரும், வேற்றூராரும், வேற்றுச் சமயத்தாரும் அவ்வுறவினுள் அடங்கினர். மேடை ஏறுவோர் பலர் இன்று 'சகோதர சகோதரிகளே' என விளித்தே பேச்சைத் தொடங்குகின்றனர். விளிப்பது எளிது, விளித்த பின் அவ்வுறவுக்குரிய ஒழுக்கத்தை மேற்கொள்வது அத்துணை எளிதன்று. அவ்வுறவைச் செயலிற் காட்டுவதற்கு ஒரு நாட்டு மக்கள் முயன்ற நாள் ஒன்று இந்திய வரலாற்றில் உண்டு. அது 1905ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 16ஆம் நாள். வங்காளம் இரண்டாகப் பிரிக்கப்பட்ட நாள்.

அக்காலத்து வங்க மாகாணம் மிகப் பெரியது. இன்றைய மேற்கு வங்காளம், வங்காள தேசம், பீகார், சார்க்கண்டு, ஒரிசா ஆகிய நிலப்பகுதிகள் அதன்கண் அடங்கியிருந்தன. அதன் பரப்பு ஏறத்தாழ 1,89,000 சதுர மைல். மக்கள் தொகையோ 7 கோடியே 80 இலட்சம். இவ்வளவு பெரிய மாகாணத்தை ஒரு துணை ஆளுநர் ஆளுதல் அரிது என்று அரசாங்கம் கூறிற்று. அக்கூற்றில் உண்மை இல்லாமல் இல்லை. ஆயினும் அரசாங்கத்தார் தம்முள் எழுதிக்கொண்ட குறிப்புக்களில் வேறொரு காரணமும் காணப்பட்டது. ஒன்றுபட்ட வங்காளம் ஓர் ஆற்றல் என்றும், பிரிக்கப்பட்டால் அது பல திசையில் இழுபட்டுத் தளரும் என்றும் உள்துறைச் செயலாளராக இருந்த ரிஸ்லி என்பார் எழுதி வைத்தார். பீகாரையும் ஒரிசாவையும் தனியே பிரித்திருந்தால் ஆட்சிச் சுமை குறைந்திருக்கும். வங்க மொழி பேசுவோரும் ஒருங்கே இருந்திருப்பர். அவ்வாறு செய்யாமல், வைசிராயாக இருந்த கர்சன் பிரபு வங்காளிகள் வாழும் நிலத்தின் நடுவே கோடு கிழித்தார். கிழக்கே டாக்காவைத் தலைநகராகக் கொண்டு 'கிழக்கு வங்காளமும் அஸ்ஸாமும்' என்னும் புதிய மாகாணம் தோன்றியது. அதன் மக்கள் 3 கோடியே 10 இலட்சத்தவருள் 1 கோடியே 80 இலட்சத்தவர் முஸ்லிம்கள். மேற்கே எஞ்சிய மாகாணத்தில் வங்க மொழியாளர் பாதிக்கும் குறைந்தவர் ஆயினர். தம் சொந்த மாகாணத்திலேயே அவர்கள் சிறுபான்மையினர் ஆகிவிட்டனர்.

1905 சூலைத் திங்களில் இம்முடிவு வெளியாயிற்று. ஆகஸ்டு 7ஆம் நாள் கல்கத்தா நகர மண்டபத்திற் கூடிய பெருங்கூட்டம் அயல்நாட்டுப் பொருள்களை விலக்குவது என்று தீர்மானித்தது. சுதேசி இயக்கம் அன்று பிறந்தது. எனினும் அரசாங்கம் அசையவில்லை. பிரிவினை அக்டோபர் 16 முதல் நடைமுறைக்கு வரும் என்று அறிவித்துவிட்டது.

அந்நாளை எவ்வாறு கழிப்பது என்னும் வினா எழுந்தது. துக்க நாளாகக் கொள்ள வேண்டும் என்பதில் எவருக்கும் ஐயமில்லை. அறிஞர் இராமேந்திர சுந்தர திரிவேதி என்பார், அன்று வங்காளத்து வீடுகளில் அடுப்பு மூட்டலாகாது என்றார். அடுப்பு எரியாத நோன்பு வங்காளத்துப் பெண்டிர்க்குப் புதிதன்று. ஆண்டில் குறித்த நாள்களில் அவர்கள் மேற்கொள்ளும் பழைய வழக்கமே அது. எழுத்தறியாத மூதாட்டியும் தன் சமையற்கட்டில் இருந்தபடியே நாட்டின் துயரிற் பங்கு கொள்ள அது வழி செய்தது. கூட்டங்களுக்குச் செல்ல இயலாத பெண்மக்களையும் இயக்கத்தினுள் கொண்டு வந்த பெருமை இவ்வறிஞர்க்கு உரியது.

மற்றொரு கருத்தைக் கூறியவர் கவிஞர் இரவீந்திரநாத தாகூர். அப்பொழுது அவருக்கு வயது நாற்பத்து நான்கு. உலகப் புகழ் அவரை இன்னும் அடையவில்லை. எனினும் வங்காளம் முழுதும் அவர் பாடல்களை அறிந்திருந்தது. நாட்டைக் கூறு போடும் நாளில் மக்கள் ஒருவர் கையில் ஒருவர் காப்பு நூல் கட்டிக்கொள்ள வேண்டும் என்றார் அவர்.

காப்புக் கட்டுதல் என்பது தமிழர்க்கும் தெரிந்ததொன்று. மணமக்கள் கையிற் காப்பு நாண் கட்டப்படுகிறது. மாரியம்மன் திருவிழாவில் காப்புக் கட்டியவர், விழா முடியும் வரை ஊரெல்லையைத் தாண்டுவதில்லை. மெல்லிய நூல்தான், ஆயினும் ஒரு கடமையை ஏற்றுக்கொண்டதற்கு அது அடையாளம். வட நாட்டில் இவ்வழக்கம் இரட்சா பந்தனம் என்னும் பெயரால் நிகழ்கிறது. தமிழ்நாட்டில் ஆவணி அவிட்டம் வரும் முழுமதி நாளையொட்டியே அங்கு அவ்விழா வரும். தங்கை தமையன் கையில் இராக்கி எனப்படும் நூலைக் கட்டுவாள். அவளுக்குத் துன்பம் நேராமற் காப்பது அவன் கடன் ஆகும். உடன்பிறவாத ஒருவனுக்கு ஒரு பெண் இராக்கி அனுப்பினால், அந்நாள் முதல் அவன் அவளுக்கு உடன்பிறந்தானாகிவிடுவான். சித்தூர்க் கோட்டை முற்றுகையிடப்பட்ட காலத்தில் அரசி கர்ணாவதி முகலாய மன்னர் உமாயூனுக்கு இராக்கி அனுப்பினாள் என்று இராசபுத்திர நாட்டில் ஒரு கதை வழங்குகிறது. வரலாற்றாசிரியர் பலர் அதனை ஒப்புவதில்லை. நிகழ்ந்ததோ நிகழாததோ, அந்நூலுக்குச் சமய எல்லை இல்லை என மக்கள் கருதினர் என்பது அக்கதையால் விளங்கும்.

தாகூர் இப்பழைய சடங்கை எடுத்து மூன்று மாறுதல்களைச் செய்தார். ஆவணியில் நிகழ்வதனை ஐப்பசியின் தொடக்கத்துக்கு மாற்றினார். தங்கை தமையனுக்குக் கட்டுவதனை எவரும் எவருக்கும் கட்டலாம் என்றாக்கினார். வீட்டினுள் நிகழ்வதனை வீதிக்குக் கொண்டு வந்தார். பிரிவினையைக் கண்டித்து ஆயிரம் தீர்மானங்கள் நிறைவேற்றலாம்; அவை அரசாங்கத்தை நோக்கியவை. காப்பு நூலோ அரசாங்கத்தை நோக்கியதன்று. அது பக்கத்தில் நிற்பவனை நோக்கியது. 'வெள்ளையன் நிலத்தைப் பிரிக்கட்டும்; நீயும் நானும் பிரியோம்' என்பதே அதன் பொருள்.

அந்நாள் வந்தது. விடியற்காலையிலேயே கல்கத்தா மக்கள் வெறுங்காலுடன் கங்கைக் கரை நோக்கி நடந்தனர். கடைகள் அடைத்திருந்தன, வண்டிகள் ஓடவில்லை. வீதியின் இருபுறமும் மாடங்களிலிருந்து பெண்கள் நெற்பொரி தூவினர், சங்கு முழங்கினர். இந்நாளுக்கென்றே தாகூர் ஒரு பாடல் இயற்றியிருந்தார். வங்காளத்தின் மண்ணையும் நீரையும் காற்றையும் கனியையும் முன்னிறுத்தி இறைவனை வேண்டும் பாடல் அது. அப்பாடலை அவரே முன்னின்று பாடிச் செல்ல, மக்கள் பின் தொடர்ந்து பாடினர். ஆற்றில் நீராடி எழுந்ததும் அருகில் நின்றவர் கையிலெல்லாம் நூல் கட்டினர்.

அன்று உடன் சென்றவருள் ஒருவர் ஓவியர் அவனீந்திரநாத தாகூர். கவிஞர் அவருக்குச் சிற்றப்பா முறையினர். அவ்வாண்டிலேதான் அவர் புகழ் பெற்ற ஓவியம் ஒன்றைத் தீட்டினார். காவி உடுத்த இளந்தவப் பெண்ணொருத்தி நான்கு கைகளுடன் நிற்கிறாள். ஒரு கையில் நெற்கதிர், ஒரு கையில் வெள்ளாடை, ஒரு கையில் ஏடு, ஒரு கையில் செபமாலை. பாரத மாதா என்னும் பெயரால் அது வழங்குகிறது. தாய்க்கு நான்கு கை கொடுத்தும் ஒன்றிலேனும் வாளோ வேலோ கொடுக்க அவர் எண்ணவில்லை. உணவும் உடையும் கல்வியும் தவமுமே கொடுத்தார்.

இவ்வோவியர் அந்நாளின் நிகழ்ச்சிகளைத் தம் முதுமையில் நினைவுகூர்ந்து கூறியவை 'கரோயா' என்னும் வங்க நூலாக 1941இல் வெளிவந்தன. நீராடித் திரும்பும் வழியில் ஒரு செல்வரின் குதிரை லாயம் இருந்தது. குதிரைக்காரர்கள் தம் தொழிலில் ஈடுபட்டிருந்தனர், அவர்கள் முஸ்லிம்கள். கவிஞர் நேரே அவர்களிடம் சென்று கையில் நூலைக் கட்டித் தழுவிக்கொண்டார். சண்டை மூளப் போகிறது என்று ஓவியர் அஞ்சினார். குதிரைக்காரர்களோ திகைத்து நின்றனரேயன்றிச் சினங்கொள்ளவில்லை. செல்வர் வீட்டார் தம்மைத் தழுவுதல் அவர்கள் கண்டறியாதது. பின்னர்ச் சித்பூர்ச் சாலையில் உள்ள பெரிய மசூதிக்குச் செல்வோம், அங்குள்ளார் அனைவர்க்கும் காப்புக் கட்டுவோம் என்றார் கவிஞர். இதனைக் கேட்ட ஓவியர் மெல்ல விலகித் தம் வீட்டுக்குச் சென்றுவிட்டார்! ஒரு கலகம் நேர்ந்தே தீரும் என்பது அவர் கருத்து. நெடுநேரத்திற்குப் பின் உடன் சென்றவர்கள் திரும்பி வந்தனர். மசூதியினுள் சென்றதையும், அங்கிருந்த மௌல்விகள் கையில் காப்புக் கட்டியதையும், அவர்கள் புன்முறுவலுடன் கைநீட்டியதையும் கூறினர். தாம் ஓடி வந்ததை ஓவியர் மறைக்கவில்லை. நகைச்சுவையோடு அதனையும் சொல்லி வைத்திருக்கிறார். அச்சமின்றி நடந்தவரின் பெருமை, அஞ்சியவர் வாய்மொழியாலேயே பின்னுள்ளோர்க்குத் தெரிய வந்தது.

அன்று மாலை நகரின் வட பகுதியில், பிரிவினையால் உடையாத ஒற்றுமைக்கு அடையாளமாக ஒரு மண்டபம் எழுப்ப அடிக்கல் நாட்டினர். ஐம்பதினாயிரம் பேருக்கு மேற் கூடினர். தலைமை தாங்கிய ஆனந்த மோகன வசு நோயால் நலிந்தவர். நாற்காலியில் இருத்திச் சுமந்து வரப்பட்டார். அவரால் உரக்கப் பேச இயலாமையின் அவர் உரையைச் சுரேந்திரநாத பானர்ஜி படித்தார். அடுத்த ஆண்டே அவர் மறைந்தார். கூட்டம் கலைந்தபின் மக்கள் நடந்து சென்று நாட்டுத் தொழில் வளர்ச்சிக்கெனப் பொருள் திரட்டினர். அவ்வொரு மாலையிற் சேர்ந்த தொகை எழுபதினாயிரம் ரூபாய் என்பர்.

வங்காளத்தில் மூண்ட உணர்ச்சி தென்னாட்டுக்கும் வந்து சேர்ந்தது. பாரதியார் 'சுதேசமித்திரன்' இதழில் அவ்வாண்டிலேயே வங்கத்தை வாழ்த்திப் பாடினார். தூத்துக்குடியில் வ. உ. சிதம்பரனார் 1906இல் சுதேசிக் கப்பற் கம்பெனியைத் தொடங்கினார். பங்கு ஒன்று 25 ரூபாயாக 40,000 பங்குகள். மதுரைத் தமிழ்ச் சங்கத்தை நிறுவிய பாண்டித்துரைத் தேவர் அக்கம்பெனிக்குத் தலைவரானார். ஹாஜி முகமது பக்கீர் சேட் என்னும் வணிகர் 8,000 பங்குகளுக்கு இரண்டு இலட்ச ரூபாய் அளித்தார். தூத்துக்குடியில் எவரும் எவர் கையிலும் நூல் கட்டவில்லை. ஒரே கணக்கேட்டில் பலர் பெயரும் ஏறின. அதுவும் ஒருவகைக் காப்பே.

இவ்வளவில் இவ்வரலாற்றை நிறுத்திவிட்டால் கேட்பதற்கு இனிதாக இருக்கும். ஆனால் உண்மை அவ்வளவு இனியதன்று. கிழக்கு வங்காளத்து முஸ்லிம் மக்களுட் பலர் பிரிவினையைத் தீங்கெனக் கருதவில்லை. கல்வியும் பதவியும் வாணிகமும் கல்கத்தாவிலேயே குவிந்து கிடந்தன. டாக்கா தலைநகரமானால் தம் பிள்ளைகட்கும் பள்ளியும் வேலையும் கிட்டும் என்று அவர்கள் நம்பினர். அந்நம்பிக்கையைக் குற்றம் என்று எவ்வாறு கூறுவது? அப்துல் ரசூல் போன்ற முஸ்லிம் தலைவர்கள் சுதேசி இயக்கத்தில் உறுதியாக நின்றனர் என்பதும் மெய்யே. ஆயினும் அவர்கள் தொகை சிறிது.

அயல்நாட்டுத் துணியை விலக்குவதிலும் இடர் தோன்றிற்று. லங்காஷயர் ஆலைத் துணி விலை மலிவு. நாட்டு ஆலைத் துணி விலை மிகுதி. கல்கத்தாவில் வழக்கறிஞர் ஒருவர் அயல்நாட்டு உடையைத் தெருவில் எரித்துவிட்டு வேறுடை வாங்கிக்கொள்ளலாம். ஆண்டுக்கு ஓருடை வாங்கும் உழவன் என் செய்வான்? நிலக்கிழார் சிலர் தம் சந்தைகளில் அயற்றுணி விற்கலாகாது என்று ஆணையிட்டனர். மீறிய சிறு வணிகரும் குடியானவரும் ஒறுக்கப்பட்டனர். அவர்களுட் பெரும்பாலோர் ஏழை முஸ்லிம்களும் தாழ்த்தப்பட்ட வகுப்பினரும் ஆவர். காப்பு நூலை விரும்பி ஏற்ற கைகள், வற்புறுத்தலை ஏற்கவில்லை. 1906 டிசம்பரில் டாக்காவில் முஸ்லிம் லீக் தோன்றியது. 1907இல் கொமில்லாவிலும் சமால்பூரிலும் கலகங்கள் நிகழ்ந்தன.

தாகூர் மனம் வருந்தி இயக்கத்தினின்றும் விலகினார். ஆங்கிலேயர் மூட்டிவிட்ட பகை இது என்று பலர் கூறினர். கவிஞர் அவ்வாறு கூறித் தம்மவரைத் தப்பவிடவில்லை. தம்மவர் ஒழுக்கத்தையே அவர் ஆராய்ந்தார். அவர் குடும்பத்துக்குக் கிழக்கு வங்காளத்தில் நிலம் இருந்தது; குடிகளிற் பெரும்பாலோர் முஸ்லிம்கள். நிலத்தை மேற்பார்க்க முதன்முறை அங்குச் சென்றபோது, அலுவலகத்தில் விரிக்கப்பட்டிருந்த ஜமக்காளத்தின் ஒரு பகுதி மடித்து விடப்பட்டிருந்ததை அவர் கண்டார். இந்துக் குடிகள் விரிப்பின்மேல் அமர்வர். முஸ்லிம் குடிகள் வந்தால் மடித்த இடத்தில் வெறுந்தரையில் அமர வேண்டும். நெடுங்காலமாக நடந்து வந்த வழக்கம் அது. அதில் தவறிருப்பதாக ஊழியருள் எவருக்கும் தோன்றவில்லை.

மற்றொரு செய்தியையும் அவர் எழுதுகிறார். சுதேசிப் பிரசாரகர் ஒருவர் ஓரூரில் ஒரு வீட்டுத் திண்ணையில் அமர்ந்திருந்தார். உடன் அவரோடு பிரசாரத்துக்கு வந்த முஸ்லிம் நண்பரும் இருந்தார். பிரசாரகருக்குத் தண்ணீர் வேட்கை எடுத்தது. ஒரு குவளை நீர் பருகும் பொருட்டு அவர் தம் நண்பரைத் திண்ணையினின்றும் கீழே இறங்குமாறு கூறினார். அங்ஙனம் கூற அவர் சிறிதும் கூசவில்லை. சற்று முன்னர்தான் இருவரும் ஒரே மேடையில் நின்று 'நாம் உடன்பிறந்தார்' என்று முழங்கியிருப்பர் போலும்!

நமக்கு ஆபத்து நேர்ந்த நாளில் அவர்களைச் சகோதரர் என்று உரத்த குரலில் அழைத்தோம்; அவர்கள் உடனே கண்ணீர் மல்க ஓடி வரவில்லை என்று சினந்தோம்; அதற்கு முன் எத்தனை நாள் அவர்களை அருகில் அமர்த்தினோம்? தாகூரின் வினா இத்தகையது. காப்பு நூலைக் கட்டச் சொன்னவர் அவரே; அந்நூல் ஒருநாட் சடங்காய் நின்றுவிட்டதை எடுத்துரைத்தவரும் அவரே. இவ்விரண்டையும் ஒருவரே செய்தார் என்பது எண்ணத் தக்கது. 1916இல் நூலாக வெளிவந்த 'வீடும் உலகும்' என்னும் அவர் நாவலில், நாட்டின் பெயரால் முழங்கி ஏழைகளை நெருக்கும் சந்தீபனும், பழிச்சொல் ஏற்றாலும் தன் சந்தையில் ஏழையின் துணியைத் தடை செய்ய மறுக்கும் நிகிலனும் எதிரெதிர் நிற்கின்றனர். அந்நாவலுக்காகக் கவிஞரை நாட்டுப் பற்றில்லாதவர் என ஏசியவரும் உளர்.

1911 டிசம்பர் 12ஆம் நாள் டில்லித் தர்பாரில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் பிரிவினையை நீக்குவதாக அறிவித்தார். தலைநகரம் கல்கத்தாவிலிருந்து டில்லிக்கு மாறியது. 1912 ஏப்ரலில் வங்க மொழியாளர் மீண்டும் ஒரு மாகாணத்தினர் ஆயினர். பீகாரும் ஒரிசாவும் தனி மாகாணமாயின. வரைபடத்திற் கோடு அழிந்தது. மடித்த ஜமக்காளமோ பல வீடுகளில் மடித்தபடியே கிடந்தது. 1947இல் அக்கோடு மறுபடி தோன்றியது. இம்முறை அதனை நீக்குவாரில்லை. இலட்சக்கணக்கான மக்கள் இருபுறமும் வீடு துறந்து நடந்தனர்.

1905இல் தாகூர் இயற்றிய பாடல்கள் மட்டும் பிரிக்கப்படாமல் எஞ்சின. அவற்றுள் 'ஆமார் சோனார் பாங்லா' என்பது ஒன்று. அதன் இசை கவிஞர் தாமே அமைத்ததன்று. அவர் நிலம் இருந்த சிலைதா என்னும் ஊரில் ககன் ஹர்க்கரா என்னும் அஞ்சற்காரர் இருந்தார். வீடுதோறும் கடிதம் கொண்டு செல்லும் எளிய மனிதர். பாவுல் என்னும் நாடோடிப் பாடகர் மரபில் வந்த பாடல்களைப் பாடுவார். இந்து என்றும் முஸ்லிம் என்றும் வேற்றுமை பாராத மரபு அது. அவர் பாடிய ஒரு பாட்டின் மெட்டிலேயே கவிஞர் தம் பாடலை அமைத்தார். 1971இல் வங்காள தேசம் விடுதலை பெற்றபோது அப்பாடலின் முதற் பத்து அடிகள் அந்நாட்டின் தேசிய கீதமாயின. காப்புக் கட்டிய நாளில் கங்கைக்கரையிற் பாடிய பாடலை மேற்கு வங்காளம் 2023இல் தன் மாநிலப் பாடலாக ஏற்றுக்கொண்டது.